துத்தநாகத்துக்கு 24 கதவு எதற்கு?

பாதிமதி (#1)

வணக்கம். எம்.எஸ்ஸி. உயிர்வேதியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். வருகிற வியாழக்கிழமை செமினார். சீட்டுக் குலுக்கிப் போட்டதில் எனக்கு வந்தது ‘செல் சவ்வில் துத்தநாகக் கடத்திகள்’. விடுதி அறைத் தோழிக்கு இன்சுலின் வந்தது. அவள் போர்த்திக்கொண்டு தூங்குகிறாள், நான் இங்கே உட்கார்ந்திருக்கிறேன்.

புரிந்தவரை எழுதுகிறேன், தப்பிருந்தால் திருத்துங்கள். துத்தநாக அயனிக்கு இரண்டு நேர் மின்னூட்டம். சவ்வின் உட்பகுதி கொழுப்பு என்பதால் அயனி தானாக ஊடுருவாது. வழிவிட ஒரு புரதம் வேண்டும். மனிதனிடம் இதற்கு இரண்டு குடும்பங்கள். ஜிப் குடும்பத்தில் 14 பேர், செல்லின் உள்திரவமான சைட்டோபிளாசத்துக்குள் துத்தநாகத்தைக் கொண்டுவருகிறவர்கள். இசட்என்டி குடும்பத்தில் 10 பேர், அங்கிருந்து அப்புறப்படுத்துகிறவர்கள்.

இனி புரியாதது. உடம்பு முழுக்கச் சேர்த்தாலே 2 முதல் 3 கிராம் துத்தநாகம்தான். அதற்கு 24 கதவா? இரண்டாவது, ‘துத்தநாகக் கடத்தி’ என்று பெயர் வைத்துவிட்டு, அதே புரதம் இரும்பையும் விடும், மாங்கனீசையும் விடும், காட்மியத்தையும் விடும் என்று எழுதியிருக்கிறார்கள். எல்லோரையும் உள்ளே விடுகிறவரை வாசலில் நிறுத்தி என்ன பயன்?

ஈஸ்ட்காரன் (#2)

இரண்டாவது கேள்வி நல்ல கேள்வி. அதிலிருந்து தொடங்கினால் முதல் கேள்வி தானாக அவிழும்.

ஜிப் என்ற பெயர் எப்படி வந்தது என்று பார். ஈஸ்ட்டில் கண்டுபிடித்த ஒரு துத்தநாகக் கடத்தி, அராபிடாப்சிஸ் என்ற கடுகுச் சாதிச் செடியில் கண்டுபிடித்த ஐஆர்டி-1 என்ற இரும்புக் கடத்தி, இரண்டின் பெயரையும் ஒட்டவைத்தது. இரண்டும் 1996இல் வெளிவந்தவை. ஐஆர்டி-1ஐப் பிடித்த விதம் அழகானது. இரும்பை உறிஞ்ச முடியாத ஈஸ்ட்டுக்குள் செடியின் மரபணுக்களை ஒவ்வொன்றாகப் புகுத்திவிட்டு, இரும்பு குறைந்த தட்டில் பரப்பிவிட்டார்கள். எந்த ஈஸ்ட் பிழைத்து வளர்ந்ததோ அதற்குள் இருந்ததுதான் அந்த மரபணு. அதாவது குடும்பப் பெயரிலேயே பாதி இரும்பு. பிற்பாடு அதே ஐஆர்டி-1 துத்தநாகம், மாங்கனீசு, கோபால்ட், காட்மியம் எல்லாவற்றையும் கடத்துகிறது என்று தெரிந்தது. ஆகவே பெயரைப் பார்த்து ஏமாறாதே.

அடுத்து அளவு. 2 கிராம் என்று அலட்சியமாகச் சொல்லிவிட்டாய். மனிதப் புரதங்களில் ஏறக்குறைய பத்தில் ஒன்று துத்தநாகத்தைப் பிடிக்கக்கூடியது. அதனால் துத்தநாகத்தில் பெரும்பகுதி ஏற்கெனவே ஏதோ ஒரு புரதத்தில் உட்கார்ந்திருக்கிறது. கட்டுப்படாமல் சும்மா திரியும் துத்தநாகம் சைட்டோபிளாசத்தில் மொத்தத்தில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்ற அளவில்தான் இருக்கும். பாக்டீரியாவில் இன்னும் மோசம். 2001இல் ஔட்டன், ஓஹலரன் இருவரும் ஈ.கோலையில் கணக்குப் போட்டார்கள். ஒரு செல்லுக்குள் சுமார் 2 லட்சம் துத்தநாக அணுக்கள். அதன் உணரிப் புரதங்கள் வேலை செய்யும் அளவை வைத்துப் பார்த்தால், கட்டுப்படாதது ஒரு செல்லுக்கு ஒன்றுகூட இல்லை. கல்யாண மண்டபத்தில் நாற்காலி எல்லாம் நிரம்பியிருக்கிறது, நடையில் ஒரு ஆள்கூட நிற்கவில்லை. அப்படி ஒரு மண்டபம்.

எதிர்க்கேள்வி (#3)

நான் மெக்கானிக்கல். உயிரியல் பத்தாம் வகுப்போடு சரி. ஆனாலும் ஒன்று இடிக்கிறது. உள்ளே வந்ததும் புரதங்கள் பிடித்துக்கொள்கின்றன, சும்மா திரிவது கிட்டத்தட்ட பூஜ்யம் என்றால், வெளியேற்ற எதற்குப் பத்து பம்பு? அப்புறம், இந்தப் பம்புகளுக்கு மின்சாரம் எங்கிருந்து?

ஈஸ்ட்காரன் (#4)

மின்சாரத்திலிருந்து வருகிறேன். ஜிப் புரதங்கள் செல்லின் எரிபொருளான ஏடிபியைச் செலவழிப்பதில்லை. தேவையும் குறைவு. உள்ளே கட்டுப்படாத துத்தநாகம் எப்போதும் வெளியே இருப்பதைவிடக் குறைவு. செல்லின் உட்புறம் எதிர் மின்னழுத்தத்தில் வேறு இருக்கிறது. சரிவில் உருளுகிற பொருளுக்கு வழி விட்டால் போதும்.

இசட்என்டி எதிர்த்திசையில் தள்ளுகிறது, அதற்கு விலை கொடுக்க வேண்டும். அந்த விலை புரோட்டான். ஒரு பக்கத்திலிருந்து துத்தநாகம் போகும்போது மறுபக்கத்திலிருந்து புரோட்டான் வருகிறது. இது ஈ.கோலையின் யிப் என்ற புரதத்தில் தெளிவாகத் தெரிந்தது. 2007இல் அதன் உருவத்தைப் படிகமாக்கிப் பார்த்தார்கள். இரண்டு இரண்டாகச் சேர்ந்து, ஆங்கில ஒய் எழுத்து மாதிரி சவ்வில் நிற்கிறது. சவ்வின் நடுவே மூன்று ஆஸ்பார்டேட்டும் ஒரு ஹிஸ்டிடினும் (இரண்டும் அமினோ அமிலங்கள்) நான்கு மூலையிலிருந்து ஒரு துத்தநாக அயனியைப் பிடித்திருக்கின்றன. புரோட்டான் வந்து அந்தப் பிடியில் ஒட்டினால் துத்தநாகம் விடுபடும். உங்கள் மொழியில் சொன்னால், இது பம்பு என்பதைவிடப் பண்டமாற்று.

ஜிப் பக்கம் உருவம் கிடைக்கத் தாமதமானது. 2017இல்தான் போர்டெடெல்லா என்ற பாக்டீரியாவின் ஜிப் புரதம் படிகமாகக் கிடைத்தது. சவ்வை எட்டு முறை துளைத்து நிற்கும் சுருள்கள், நடுவில் இரண்டு உலோக அயனிகள் பக்கத்தில் பக்கத்தில். வேடிக்கை என்னவென்றால் அந்தப் படிகத்தை வளர்க்கப் பயன்படுத்தியது காட்மியம். பாதிமதி, உன் புகாருக்கு ஆதாரம் படத்திலேயே இருக்கிறது. பிறகு வந்த ஆய்வுகள், அந்தப் புரதத்தின் ஒரு பாதி நிலையாக நிற்க, மற்ற பாதி அயனியைச் சுமந்தபடி லிஃப்ட் மாதிரி ஏறி இறங்குகிறது என்ற பக்கம் சாய்கின்றன.

இனி, வெளியேற்றுவது எதற்கு? செல் ஒரே அறை அல்ல. கோல்கி, வெசிகிள், லைசோசோம் எல்லாம் தனித்தனி அறைகள். அல்கலைன் பாஸ்பட்டேஸ் என்ற நொதி செல்லுக்கு வெளியே வேலை செய்யப் போகிறது. வழியில் கோல்கிப் பக்கம் போகும்போதே அதற்குத் துத்தநாகம் பொருத்தியாக வேண்டும். அந்த அறைக்குள் துத்தநாகத்தை விடுவது இசட்என்டி-5, 6, 7. ‘சைட்டோபிளாசத்திலிருந்து வெளியேற்றம்’ என்று நாம் எழுதுவது பல இடங்களில் அடுத்த அறைக்கு விநியோகம்தான்.

இன்னொரு காரணமும் உண்டு. துத்தநாகம் பிடிவாதமாக ஒட்டும். மாங்கனீசு, இரும்பு, கோபால்ட், நிக்கல், தாமிரம் என்று போகப் போகப் புரதத்தோடு ஒட்டும் பலம் கூடுகிறது. துத்தநாகம் தாமிரத்துக்குக் கொஞ்சம் கீழே. மாங்கனீசுக்கென்று வைத்த இடத்தில் துத்தநாகம் உட்கார்ந்துவிட்டால் எழுப்புவது கஷ்டம். அதனால்தான் நடையில் யாரும் நிற்கக்கூடாது என்று இவ்வளவு கெடுபிடி.

வார்டு ஏழு (#5)

நான் குழந்தைகள் வார்டில் செவிலியர், பதினெட்டு வருடம். இந்தப் புரதப் படங்கள் எனக்குப் புதிது. ஆனால் 24 கதவு எதற்கு என்ற கேள்விக்கு வார்டில் ஒரு பதில் இருக்கிறது. இரண்டு குழந்தைகளை நினைத்துப் பாருங்கள்.

முதல் குழந்தை தாய்ப்பால் குடிக்கும்வரை நன்றாக இருக்கிறது. பால் மறக்கடித்து சில வாரத்தில் வாயைச் சுற்றி, ஆசனவாயைச் சுற்றி, கை கால் நுனிகளில் தோல் சிவந்து உரிகிறது. வயிற்றுப்போக்கு. முடி கொட்டுகிறது. பார்ப்பவர்கள் பூஞ்சை என்பார்கள், அம்மை என்பார்கள், வேப்பிலை கட்டுவார்கள். இதற்கு அக்ரோடெர்மடைட்டிஸ் என்டெரோபதிகா என்று பெயர். நார்வேயில் டான்போல்ட், குளோஸ் என்ற இரண்டு மருத்துவர்கள் 1942இல் தனி நோயாக விவரித்தது. அப்போது காரணம் தெரியாது. 2002இல்தான் ஜிப்-4 மரபணுவில் கோளாறு என்று கண்டார்கள். குடலின் உட்சுவரில், சாப்பாட்டைப் பார்த்தபடி இருக்கிற கதவு அது. இந்தக் குழந்தைக்கு அந்தக் கதவு திறப்பதில்லை. தாய்ப்பாலில் உள்ள துத்தநாகம் எளிதில் சேரும் வகை என்பதால் அதுவரை எப்படியோ ஓடிவிடுகிறது. மாட்டுப்பாலில் அப்படி இல்லை.

இரண்டாவது குழந்தைக்கும் அதே தோல், அதே வாய்ப்புண். ஆனால் இது தாய்ப்பால் மட்டுமே குடிக்கும்போது வருகிறது. இணை உணவு தொடங்கியதும் தேறிவிடுகிறது! குழந்தையின் குடலில் ஒரு கோளாறும் இல்லை. கோளாறு அம்மாவின் மார்பகச் செல்லில், இசட்என்டி-2 என்ற கதவில். பாலுக்குள் துத்தநாகத்தைச் சேர்க்கும் கதவு அது. 2006இல் முதலில் விவரித்த குடும்பத்தில் அம்மாவின் பாலில் துத்தநாகம் முக்கால் பங்கு குறைவாக இருந்தது. அம்மாவுக்கு உடம்பில் ஒரு குறையும் தெரியாது.

பார்வைக்கு ஒரே நோய். ஒன்று பால் நிறுத்தியதும் வருகிறது, மற்றது பால் நிறுத்தியதும் போகிறது. எந்தக் கதவு என்று தெரியாமல் பார்த்தால் மண்டை குழம்பும்.

தயவுசெய்து யாரும் இதைப் படித்துவிட்டுத் தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம். இது அரிது, மருந்தும் எளிது: குழந்தைக்கு சொட்டு மருந்தாகத் துத்தநாகம் கொடுத்தபடியே பால் தரலாம். அளவை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

பாதிமதி (#6)

அக்கா, இதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். ஸ்லைடு ஒன்றிலிருந்து ஆறுவரை இருந்ததை அழித்துவிட்டேன்.

ஒரு சந்தேகம். இரண்டாவது குழந்தையில், குழந்தைக்கு ஏன் கொடுக்க வேண்டும்? அம்மா துத்தநாக மாத்திரை சாப்பிட்டால் பாலில் அது அதிகரிக்காதா?

வார்டு ஏழு (#7)

அதிகரிக்காது. அதுதான் இந்த நோயின் அடையாளமே. அம்மாவின் ரத்தத்தில் துத்தநாகம் ஏற்கெனவே சரியாக இருக்கிறது. கிடங்கில் அரிசி மூட்டை அடுக்கியிருக்கிறது, ரேஷன் கடைக் கதவு பூட்டியிருக்கிறது. கிடங்கில் இன்னும் நாலு மூட்டை போட்டு என்ன செய்வது?

ஈஸ்ட்காரன் (#8)

அக்கா சொன்னதோடு ஒரு எலிக் கதை. ‘சாவுப்பால்’ என்று பெயர் வைத்த ஒரு சுண்டெலி வகை ஆய்வகங்களில் ரொம்ப நாளாக உண்டு. அந்தத் தாயிடம் பால் குடிக்கும் குட்டிகள் பால் மறக்கும் முன்பே செத்துவிடும். வேறு தாயிடம் விட்டால் பிழைக்கும். பாலில் துத்தநாகம் குறைவு. 1997இல் காரணம் தெரிந்தது: இசட்என்டி-4 மரபணு பாதியில் நின்றுவிட்டது. எல்லோரும் மனிதத் தாய்களிலும் இசட்என்டி-4ஐத் தேடினார்கள். கிடைக்கவில்லை. மனிதரில் அது இசட்என்டி-2. ஒரே வேலை, இரண்டு விலங்குகளில் இரண்டு வெவ்வேறு ஆள். ‘எலியில் பார்த்தோம், மனிதனிலும் அப்படியே’ என்று எழுதுகிற மாணவர்களுக்கு நான் இந்தக் கதையைச் சொல்வது வழக்கம்.

இசட்என்டி-2 இரண்டிரண்டாகச் சேர்ந்துதான் வேலை செய்யும். அதனால் சில வகை மரபணுப் பிழைகளில் ஒரு பிரதி கெட்டாலே போதும், நல்ல பிரதியோடு ஜோடி சேர்ந்து அதையும் முடக்கிவிடும். அம்மாவுக்கு ஒரு பிரதி பிழையோடு இருந்தாலும் பாலில் துத்தநாகம் குறைவது இதனால்.

களத்துமேட்டான் (#9)

ஐயா, நான் தஞ்சாவூர்ப் பக்கம் விவசாயி. துத்தநாகம், அதாவது ஜிங்க், என்று பார்த்ததும் உள்ளே வந்தேன். எங்களுக்கு இது வருடா வருடம் வருகிற தலைவலி. நட்டு இரண்டு மூன்று வாரத்தில் அடியிலைகளில் துரு மாதிரி பழுப்புப் புள்ளி, இளம் இலையின் நடு நரம்பு அடியில் வெளுப்பு, பயிர் கட்டைபோட்டு நின்றுவிடும். வடக்கே இதைக் ‘கைரா’ என்பார்கள். அறுபதுகளில் பந்த்நகரில் நேனே என்ற விஞ்ஞானி இது நோய்க்கிருமி அல்ல, துத்தநாகக் குறை என்று கண்டு சொன்னதாக ஒரு பயிற்சியில் கேட்டிருக்கிறேன். ஏக்கருக்கு 10 கிலோ ஜிங்க் சல்பேட்டை 20 கிலோ மணலில் கலந்து, கடைசியாகச் சமன் செய்த பிறகு தூவுவோம்.

ஒருமுறை உரக்கடையில் சொன்னார்கள் என்று டிஏபி என்ற பாஸ்பேட் உரத்தோடு சேர்த்துக் கலந்து போட்டேன். காசு போனதுதான் மிச்சம், பயிர் பச்சையே கட்டவில்லை. பிறகுதான் சொன்னார்கள், பாஸ்பேட் ஜிங்கைப் பிடித்துக்கொள்ளும் என்று. கதவு எத்தனை இருந்து என்ன, வாசல்வரை வந்தால்தானே.

என் கேள்வி, செடிக்கும் இதே கதவுகள்தானா? பேப்பரில் அரிசியில் காட்மியம் என்று போடுகிறார்களே, அதுவும் இந்த வழியாகத்தான் வருகிறதா?

ஈஸ்ட்காரன் (#10)

ஐயா, இதே குடும்பம்தான். நெல் வேரில் துத்தநாகத்தை உறிஞ்சுவதில் முக்கியமான ஒன்று ஓஎஸ்-ஜிப்9. டிஏபி விஷயத்தில் நீங்கள் சொன்னது நூற்றுக்கு நூறு. மனிதக் குடலிலும் அதே கதைதான். தவிட்டில், பருப்புத் தோலில் உள்ள ஃபைட்டேட்டும் ஒரு பாஸ்பேட் சரக்கு, துத்தநாகத்தைக் கட்டிப்போட்டுவிடும். பீகாரின் பக்ஸரில் பிறந்த ஆனந்த பிரசாத் 1958இல் ஈரானின் ஷிராஸ் நகரில் ஒரு நோயாளியைப் பார்த்தார். வயது 21, பார்க்கப் பத்து வயதுப் பையன் மாதிரி. சாப்பாடு பெரும்பாலும் புளிக்க வைக்காத ரொட்டி, கூடவே களிமண் தின்கிற பழக்கம். மனிதனுக்குத் துத்தநாகக் குறை வரும் என்று உலகம் நம்பத் தொடங்கியது அங்கிருந்துதான். அதுவரை ‘எல்லா உணவிலும் இருக்கிறது, குறைய வாய்ப்பில்லை’ என்றுதான் சொல்லிவந்தார்கள்.

காட்மியத்துக்கு வருகிறேன். நெல்லில் அது முக்கியமாக வேறொரு குடும்பத்துக் கதவு வழியாக நுழைகிறது: என்ராம்ப்-5. அதன் சொந்த வேலை மாங்கனீசு. காட்மியம் அதற்குப் பின்னால் ஒண்டிக்கொண்டு வருகிறது. ஜப்பானில் டொயாமா பகுதியில் ஜின்சூ ஆற்றுப் பாசனத்தில், மேலேயிருந்த கமியோகா சுரங்கத்தின் காட்மியம் வயலுக்கு வந்து, அரிசி சாப்பிட்டவர்களுக்கு எலும்பு நொறுங்கும் நோய் வந்தது. ‘இதாய் இதாய்’ என்றால் அவர்கள் மொழியில் ‘வலிக்கிறது வலிக்கிறது’. 1968இல் அரசு அதை மாசால் வந்த நோய் என்று ஏற்றது. பல வருடம் கழித்து, 2012இல், அதே ஜப்பானில் கார்பன் அயனிக் கற்றையை விதையில் பாய்ச்சி, என்ராம்ப்-5 உடைந்த நெல்லைத் தேர்ந்தெடுத்தார்கள். அரிசியில் காட்மியம் கிட்டத்தட்ட இல்லை. மாங்கனீசு குறைந்தது, ஆனாலும் வயலில் விளைச்சல் குறையவில்லை.

எதிர்க்கேள்வி (#11)

இங்கேதான் எனக்கு எரிச்சல் வருகிறது. காட்மியம் விஷம். கோடிக்கணக்கான வருடம் பரிணாமத்துக்கு நேரம் இருந்தது. காட்மியத்தை விடாத கதவைச் செய்ய முடியவில்லையா? என் ஆலையில் இப்படி ஒரு சல்லடை வைத்தால் வேலை போய்விடும்.

ஈஸ்ட்காரன் (#12)

முடியும். செய்தும் இருக்கிறது. நான் மேலே சொன்ன யிப் புரதத்தில் பிடிக்கும் நான்கு கைகள்: ஆஸ்பார்டேட், ஆஸ்பார்டேட், ஹிஸ்டிடின், ஆஸ்பார்டேட். இது காட்மியத்தையும் ஏற்கும். மனிதனின் இசட்என்டி-5, இசட்என்டி-8 இரண்டிலும் முதல் கை ஹிஸ்டிடின். அந்த ஒரு மாற்றத்தால் காட்மியம் நிராகரிக்கப்படுகிறது. 2012இல் அந்த ஹிஸ்டிடினை எடுத்துவிட்டு ஆஸ்பார்டேட் வைத்துப் பார்த்தார்கள். காட்மியம் உள்ளே வந்துவிட்டது. இசட்என்டி-10இல் அதே இடத்தில் ஆஸ்பராஜின். அது ‘துத்தநாக’க் குடும்பத்தில் பிறந்து மாங்கனீசுக்காரனாக மாறிவிட்டது. அது கெட்டுப்போன குழந்தைகளுக்கு மாங்கனீசு ரத்தத்திலும் மூளையிலும் ஈரலிலும் சேர்ந்து கை கால் முறுக்கிக்கொள்கிறது. 2012இல் இரண்டு குழுக்கள் இதைக் கண்டார்கள்.

ஆக, ஒரு அமினோ அமிலத்தை மாற்றினால் ருசி மாறுகிறது. அப்படியிருந்தும் உறிஞ்சும் பக்கத்துக் கதவுகள் ஏன் இத்தனை தளர்வாக இருக்கின்றன? என் கருத்தைச் சொல்கிறேன், கருத்துதான். மண்ணிலோ குடலிலோ துத்தநாகம் சொற்பமாகக் கிடைக்கும் நாளில், இறுக்கிப் பிடிக்கிற, கறாராகப் பரிசோதிக்கிற கதவு மெதுவாகத்தான் வேலை செய்யும். பசித்தவன் கல் பொறுக்கிக்கொண்டு உட்கார முடியாது. அதனால் செல் கறார்த்தனத்தை வேறு இடத்தில் வைத்தது: கதவை எப்போது வைப்பது, எங்கே வைப்பது, எப்போது பிடுங்குவது.

ஐஆர்டி-1ஐயே எடுத்துக்கொள்ளுங்கள். அது உள்ளே விடுவதில் தாராளம்தான். ஆனால் சைட்டோபிளாசம் பக்கம் அதற்கு ஹிஸ்டிடின் நிறைந்த ஒரு வால் போன்ற வளையம் இருக்கிறது. உள்ளே துத்தநாகமோ மாங்கனீசோ கோபால்ட்டோ அளவுக்கு மீறினால் அந்த வளையத்தில் ஒட்டும். ஒட்டியதும் யுபிக்விட்டின் என்ற ‘அகற்றுக’ முத்திரை குத்தப்படுகிறது. கதவையே சவ்விலிருந்து பெயர்த்து உள்ளே இழுத்துச் செரித்துவிடுகிறது செல். தப்பான ஆட்களை வாசலில் நிறுத்துவதில்லை, அவர்கள் எண்ணிக்கை கூடினால் வாசலையே அடைக்கிறது. 2018இல் வந்த ஆய்வு, எனக்கு மிகவும் பிடித்தது.

மனிதனின் ஜிப்-4 கூட அப்படித்தான். துத்தநாகம் குறைந்தால் குடல் செல்லின் மேற்பரப்பில் குவியும். கிடைத்ததும் உள்ளே இழுக்கப்படும். மறுபக்கம், உள்ளே துத்தநாகம் கூடினால் எம்டிஎஃப்-1 என்ற புரதம் உணர்ந்து, ரத்தத்தின் பக்கம் தள்ளும் இசட்என்டி-1ஐயும் பிடித்துவைக்கும் மெட்டலோதயோனினையும் அதிகம் செய்யச் சொல்லும். ஒரு மெட்டலோதயோனின் ஏழு துத்தநாகத்தைப் பிடிக்கும்.

ஆலையில் சல்லடையைத் தினமும் கழற்றி மாட்ட முடியாது. செல்லால் முடிகிறது.

எதிர்க்கேள்வி (#13)

சரி, வாயை மூடிக்கொள்கிறேன். சல்லடையே தன்னை எண்ணிக்கொள்வது நன்றாக இருக்கிறது.

மாசிவீதி மாப்பிள்ளை (#14)

இவ்வளவு படிக்கவில்லை, மன்னிக்கவும். கொரோனா சமயத்தில் வாங்கிய 50 மில்லிகிராம் ஜிங்க் மாத்திரை டப்பா டப்பாவாக வீட்டில் இருக்கிறது. அப்பா இன்னும் தினம் ஒன்று போடுகிறார், ‘எதிர்ப்புச் சக்தி’ என்கிறார். 14 கதவு இருக்கிறதே, தாராளமாகப் போகட்டும் என்று விட்டுவிடலாமா?

வார்டு ஏழு (#15)

மாப்பிள்ளை, டப்பாவை மூடி வைத்துவிட்டு அப்பாவை மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். பெரியவர்களுக்கு எல்லாம் சேர்த்து நாளைக்கு 40 மில்லிகிராம் என்பதுதான் பொதுவாகச் சொல்லும் மேல் வரம்பு, அதுவும் நீண்ட நாளுக்கு. ரத்தச் சோகை இருக்கிறதா, கால் மரத்துப்போகிறதா என்று கேளுங்கள். காரணம், இதில் அடிபடுவது தாமிரம்.

ஈஸ்ட்காரன் மேலே மெட்டலோதயோனின் என்றாரே, அதுதான் வேலையைக் காட்டுவது. துத்தநாகம் நிறையப் போனால் குடல் செல்லில் அது நிறைய உண்டாகும். ஆனால் அதற்குத் துத்தநாகத்தைவிடத் தாமிரத்தின்மேல் பிரியம் அதிகம். சாப்பாட்டில் வரும் தாமிரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். சில நாளில் அந்தச் செல்லே உதிர்ந்து மலத்தோடு போய்விடும். இதையே மருந்தாகவும் பயன்படுத்துகிறார்கள். வில்சன் நோயில் ஏடிபி7பி என்ற தாமிரப் பம்பு கெட்டு ஈரலில் தாமிரம் சேரும். அவர்களுக்குத் துத்தநாகம் கொடுத்துத் தாமிரத்தைக் குடலிலேயே மறிப்பார்கள். நோயாளிக்கு மருந்து, அப்பாவுக்கு வம்பு.

வயிற்றுப்போக்கு வந்த குழந்தைக்கு ஓஆர்எஸ்ஸோடு 14 நாள் துத்தநாகம் தருகிறோமே, அது வேறு. ஆறு மாதத்துக்கு மேல் 20 மில்லிகிராம், அதற்குக் கீழே 10. நாள் கணக்கு உண்டு. பலர் போக்கு நின்றதும் மூன்றாம் நாளே நிறுத்திவிடுகிறார்கள், அதுவும் தப்பு.

பாதிமதி (#16)

தோழியை எழுப்பிவிட்டேன். ‘உன் இன்சுலினும் என் தலைப்புதான்’ என்று சொன்னதும் முறைத்தாள். ஆறு இன்சுலின் இரண்டு துத்தநாகத்தைச் சுற்றிக் கூடித்தான் கணையச் செல்லின் பொட்டலத்தில் அடைந்திருக்கிறது. அந்தப் பொட்டலத்துக்குள் துத்தநாகத்தைத் தள்ளுவது இசட்என்டி-8. இதுவரை அவளும் ஒப்புக்கொண்டாள். ஆனால் ஒரு இடத்தில் இரண்டு பேருமே மாட்டிக்கொண்டோம். 2014இல் சுமார் ஒன்றரை லட்சம் பேரை வைத்துச் செய்த ஆய்வில், இசட்என்டி-8இன் ஒரு பிரதி உடைந்தவர்களுக்கு இரண்டாம் வகை நீரிழிவு வரும் வாய்ப்பு 65 சதவீதம் குறைவாம். கதவு உடைந்தால் நோய் என்றுதானே இதுவரை பேசினோம்?

ஈஸ்ட்காரன் (#17)

ஆமாம், அந்தத் தாள் வந்தபோது எங்கள் ஆய்வகத்திலும் ஒரு மணி நேரம் யாரும் வேலை செய்யவில்லை. 2007இலேயே இந்த மரபணு செய்யும் புரதத்தின் 325ஆம் இடம் பற்றித் தெரியும்: அங்கே ஆர்ஜினின் என்ற அமினோ அமிலம் இருப்பவர்களுக்கு நோய் வாய்ப்பு சற்று அதிகம், டிரிப்டோபன் இருந்தால் குறைவு. ஆர்ஜினின் வகை மந்தமான கதவு என்றுதான் ஊகித்தார்கள். பிறகு அளந்து பார்த்தால் அதுதான் சுறுசுறுப்பான கதவு என்றார்கள். 2014இன் கணக்கு அதோடு பொருந்துகிறது. எலிகளில் இந்த மரபணுவை நீக்கினால் ஆய்வகத்துக்கு ஆய்வகம் வேறு முடிவு. உன் செமினாரில் இதை முடிந்த கதையாகச் சொல்லாதே, யாராவது மடக்குவார்கள்.

இன்னொன்றும் சேர்த்துக்கொள். முதல் வகை நீரிழிவில் உடம்பின் எதிர்ப்பு மண்டலம் குறிவைக்கிற புரதங்களில் இந்த இசட்என்டி-8உம் ஒன்று. ரத்தத்தில் அதற்கு எதிரான ஆன்டிபாடி இருக்கிறதா என்று பரிசோதிக்கிறார்கள்.

பாதிமதி (#18)

வியாழன் முடிந்தது! எட்டு நிமிடம் கூடுதலாகப் பேசிவிட்டேன், மணி அடித்தார்கள். டிஏபி கதைக்குச் சிரிப்பும், இரண்டு குழந்தைகள் கதைக்கு அமைதியும் கிடைத்தது. களத்துமேட்டார் ஐயாவுக்கும் வார்டு அக்காவுக்கும் நன்றி.

ஆனால் கடைசி வரிசையில் இருந்து ஒரு கேள்வி வந்தது, சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. ‘ஜிப்-4 இல்லாத குழந்தைக்கு வாய்வழியாகத்தான் துத்தநாகம் கொடுக்கிறீர்கள். கதவே இல்லையே, எப்படிப் போகிறது?’

வார்டு ஏழு (#19)

அளவைக் கூட்டிக் கொடுத்தால் போகிறது, வாழ்நாள் முழுக்கக் கொடுக்கிறோம், குழந்தைகள் வளர்ந்து கல்யாணம் காட்சி என்று நன்றாக இருக்கிறார்கள். எந்த வழி என்று ஈஸ்ட்காரன்தான் சொல்ல வேண்டும்.

ஈஸ்ட்காரன் (#20)

நிறையக் கொடுத்தால், இறுக்கிப் பிடிக்காத வேறு வழிகளில் கொஞ்சமாவது கசிந்து போகிறது. அந்தக் கொஞ்சமே போதுமானதாக இருக்கிறது. ஆனால் அந்தக் கடைசி வரிசைக்காரரிடம் இதைவிட நல்ல கதை ஒன்று சொல்லியிருக்கலாம்.

1953இல் அமெரிக்காவில் இந்த நோயுள்ள ஒரு குழந்தைக்கு டையோடோகுயின் கொடுத்தார்கள். அது அமீபாவுக்கான மருந்து. குடலில் ஏதோ கிருமி என்று நினைத்துக் கொடுத்தது. குழந்தை தேறியது! அடுத்த இருபது வருடம் உலகம் முழுக்க இந்த நோய்க்கு அதுதான் மருந்து. ஏன் வேலை செய்கிறது என்று ஒருவருக்கும் தெரியாது. சிலருக்குக் கண் நரம்பு பாதித்தும் வேறு வழியில்லாமல் கொடுத்தார்கள். 1973இல் லண்டனில் மொய்னஹன் என்ற மருத்துவர் அந்த மருந்தில் இருந்த ஒரு சிறுமியின் ரத்தத்தில் துத்தநாகம் மிகக் குறைவு என்று கண்டார். துத்தநாகத்தையும் சேர்த்துக் கொடுத்ததும் சிறுமி முழுசாகக் குணமானாள்.

அப்புறம்தான் பழைய மருந்தைத் திரும்பிப் பார்த்தார்கள். டையோடோகுயின் குயினோலின் வகைச் சேர்மம். துத்தநாகத்தை இடுக்கி மாதிரி பிடித்து அதன் மின்னூட்டத்தை மறைத்துவிடும். வெளிப்புறம் கொழுப்பில் கரையக்கூடியது. இந்த வகைச் சேர்மங்கள் உலோகத்தைத் தோளில் போட்டுக்கொண்டு கதவே இல்லாமல் சவ்வைத் தாண்டக்கூடியவை. அமீபாவைக் கொல்லத்தான் மருத்துவர் அதை எழுதிக்கொடுத்தார். குழந்தையின் சாப்பாட்டில் இருந்த கொஞ்சம் துத்தநாகத்தை அது சுவரேறிக் குதித்து உள்ளே கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறது.

களத்துமேட்டான் (#21)

ஐயா, அந்த மாதிரி சரக்கு நெல்லுக்கு ஏதும் உண்டா?

ஈஸ்ட்காரன் (#22)

உண்டு ஐயா, கடையில் ‘செலேட்டட் ஜிங்க்’ என்று விற்கிறார்களே. ஆனால் அது சவ்வைத் தாண்டுவதற்கு அல்ல, மண்ணில் பாஸ்பேட்டிடம் மாட்டாமல் வேர்வரை வருவதற்கு. விலையைப் பார்த்துவிட்டு வாங்குங்கள். டிஏபியைத் தனியாகப் போட்டாலே உங்கள் பத்து கிலோ சல்பேட் பாதி வேலையைச் செய்துவிடும்.